வெற்று மேடையும் நட்சத்திர நடிகரும்: ஷேக்ஸ்பியர் பார்வையாளர்கள் எதை வரவேற்கிறார்கள், எதை எதிர்க்கிறார்கள்?

மேடைவாசகன் எழுதியது:

சில ஆண்டுகளாக லண்டனிலும் நியூயார்க்கிலும் அரங்கேறும் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு செய்திகள் தவறாமல் முன்னுக்கு வருகின்றன. திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்ற ஒருவர் முதன்மை வேடம் ஏற்றிருக்கிறார் என்பது ஒரு செய்தி; மேடையில் ஏறக்குறைய ஒன்றுமே வைக்கப்படவில்லை என்பது மற்றொரு செய்தி. 2024 கோடையில் லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் ஜேமி லாய்ட் இயக்கிய ‘ரோமியோ ஜூலியட்’ இவ்விரண்டும் உச்சத்தில் சந்தித்த இடம். ரோமியோவாக டாம் ஹாலண்ட் நடிக்கிறார் என்று அறிவித்ததும் நுழைவுச்சீட்டுகள் சில மணி நேரத்தில் தீர்ந்துபோயின. ஆனால், திரை விலகியபோது மாடமும் தோட்டமும் கல்லறையும் இல்லை. இருண்ட உடையணிந்த நடிகர்கள் மைக்கின் முன்னால் நின்று, ஒருவர் முகத்தை மற்றவர் பாராமல், அவையை நோக்கித் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நேரலைக் கேமரா அவர்களுடைய முகங்களைப் பெருந்திரையில் காட்டியது. மாந்துவாவுக்கு நாடுகடத்தப்பட்ட ரோமியோ அரங்கக் கட்டடத்தின் கூரைமேல் நின்றதைப் பார்வையாளர்கள் அத்திரையில்தான் கண்டார்கள்.

இதைப் பார்த்தவர்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரு சாரார் இதுவரை கேட்டிராத நெருக்கத்தில் அந்த வசனங்களைக் கேட்டதாக நெகிழ்ந்து எழுதுகிறார்கள். மறுசாரார், இவ்வளவு பணம் கொடுத்து வந்தும் நாடகம் நிகழவே இல்லை என்று மனம் கசந்து எழுதுகிறார்கள். விமர்சகர்களும் பிரிந்தே நின்றார்கள். என் கருத்து இது: மேடையிலிருந்து காட்சிப் பொருள்கள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டால், அவை விட்டுச்சென்ற இடத்தை நடிகரின் புகழ் பிடித்துக்கொள்கிறது. கண் போவதற்கு வேறு இடமில்லாதபோது அது ஏற்கெனவே அறிந்த முகத்திலேயே போய் நிற்கிறது. பார்வையாளர்கள் வெற்று மேடையை விரும்புவதும் வெறுப்பதும், உண்மையில் அந்த முகத்தோடு தங்களுக்கு இருக்கும் உறவின் விளைவே என்று நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கடைசிவரிசை எழுதியது:

நண்பர் மேடைவாசகன் அழகியலிலிருந்து தொடங்குகிறார். நான் காசிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பார்வையாளர்களின் கோபம் அங்கேதான் பிறக்கிறது. 2025இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜிலன்ஹாலும் நடித்த ‘ஒதெல்லோ’வுக்குக் கீழ்த்தளத்தின் நல்ல இருக்கைகள் 921 டாலர் வரை விற்கப்பட்டன. ஒரே வாரத்தில் 28 லட்சம் டாலருக்கு மேல் வசூலானது. அந்த மேடையில் இருந்தவை உயர்ந்த தூண்களும் மிகச் சில பொருள்களுமே. வெனிஸையும் சைப்ரஸையும் பார்வையாளர் தம் கற்பனையில் எழுப்பிக்கொள்ள வேண்டும் என்று கேட்பது ஷேக்ஸ்பியருக்கு ஏற்ற வேண்டுகோள்தான். ஆனால் அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் கேட்கும்போது, அவர் அந்த எளிமையைக் கலையாகக் காணாமல் சிக்கனமாகக் காண்பதில் வியப்பில்லை.

விலையை எதிர்த்துப் பார்வையாளர் குரலெழுப்புவது புதிதும் அன்று. 1808இல் தீக்கிரையான லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கைப் புதுப்பித்துக் கட்டிய ஜான் பிலிப் கெம்பிள், 1809இல் அதைத் திறந்தபோது செலவை ஈடுகட்டக் கட்டணத்தை உயர்த்தினார். திறப்புவிழா நாடகம் ‘மேக்பெத்’. தலைமை வேடத்தில் கெம்பிள், மேக்பெத் சீமாட்டியாக அவருடைய சகோதரி சாரா சிடன்ஸ். அக்காலத்தில் அவர்களைவிடப் பெரிய நட்சத்திரங்கள் இல்லை. அப்படியிருந்தும், பழைய கட்டணமே வேண்டும் என்று அவையோர் எழுப்பிய கூச்சலில் ஒரு வசனமும் காதில் விழவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் இது நீடித்து, கடைசியில் கெம்பிள் மன்னிப்புக் கேட்டுக் கீழ்த்தளக் கட்டணத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எப்போதும் மேல்மாடத்தின் கடைசி வரிசைகளில் உட்காருபவன். அலங்காரமான மேடை என்றால் அங்கிருந்தும் ஒரு முழுக் காட்சி கிடைக்கும். வெற்று மேடையில் நடிகரின் இமையசைவே நாடகம் என்றாகிவிட்டால், எனக்குக் கிடைப்பது தொலைவில் நிற்கும் ஒரு சிறு உருவமும் ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரலும் மட்டுமே. சுமார் 2,000 பேர் அமரும் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இந்தப் பாணியைக் கையாளும்போது, முன்வரிசையினரும் பின்வரிசையினரும் ஒரே நாடகத்தைப் பார்ப்பதில்லை. இணையத்தில் எதிரெதிராக எழுதுகிறவர்களிடம் எந்த இருக்கையில் இருந்து பார்த்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

இலக்கிய ஆசிரியை எழுதியது:

வெற்று மேடையும் புகழ்பெற்ற நடிகரும் சேர்வது இன்றைய விற்பனை உத்தி என்ற எண்ணம் இங்கே வேரூன்றிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஷேக்ஸ்பியரின் சொந்த அரங்கமே அப்படித்தான் இருந்தது. 1599இல் எழுப்பப்பட்ட குளோப் அரங்கில் பகல் வெளிச்சத்தில், பெரிய திரைச்சீலைகளோ காட்சி மாற்றங்களோ இல்லாமல், துருத்தி நின்ற ஒரு மரமேடைமேல் நாடகம் நடந்தது. அந்த மேடையின் நடுவே ரிச்சர்ட் பர்பேஜ் நின்றார். ஹேம்லட், ஒதெல்லோ, லியர் ஆகிய வேடங்களை முதலில் ஏற்றவர் அவரே. அவருக்கு இருந்த கவர்ச்சியைக் காட்டும் சான்றும் கிடைத்திருக்கிறது. ஜான் மானிங்ஹம் என்ற சட்ட மாணவர் 1602ஆம் ஆண்டு நாட்குறிப்பில், மூன்றாம் ரிச்சர்டாக நடித்த பர்பேஜிடம் மனத்தைப் பறிகொடுத்த ஒரு பெண் அவரை இரவில் தன் வீட்டுக்கு வரச் சொன்னதாக ஒரு கதையைப் பதிந்திருக்கிறார். கதை உண்மையோ பொய்யோ, பார்வையாளர் பாத்திரத்தையும் நடிகரையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஆசைப்படுவது அன்றே பேச்சுப்பொருளாக இருந்தது என்பதற்கு அது போதும்.

இன்றைய நிலைக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி 1964இல் ஜான் கீல்குட் இயக்க, ரிச்சர்ட் பர்ட்டன் நடித்து, பிராட்வேயின் லன்ட்-ஃபான்டன் அரங்கில் நடந்த ‘ஹேம்லட்’. கடைசி ஒத்திகையைப் பார்ப்பது போலவே நாடகம் அமைய வேண்டும் என்று கீல்குட் முடிவுசெய்தார். அரச உடைகள் இல்லை. நடிகர்கள் அன்றாட ஒத்திகை உடையிலேயே மேடையேறினார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் பர்ட்டன் எலிசபெத் டெய்லரை மணந்திருந்தார். கணவரைச் சந்திக்க டெய்லர் வரக்கூடும் என்பதற்காகவே ஒவ்வோர் இரவும் அரங்கின் வெளியே தெரு நிறையக் கூட்டம் நின்றது. நாடகம் 137 முறை நடந்தது. பிராட்வேயில் வேறெந்த ‘ஹேம்லட்’டும் அத்தனை முறை நடந்ததில்லை. வந்தவர்களில் எத்தனை பேர் நாடகத்துக்காக வந்தார்கள், எத்தனை பேர் தம்பதியருக்காக வந்தார்கள் என்று பிரித்தறிய வழியில்லை. உள்ளே வந்தபின் அவர்கள் நான்கு நூற்றாண்டுப் பழைமையான செய்யுள் வசனத்தைப் பல மணி நேரம் கேட்டார்கள் என்பதில் மட்டும் ஐயமில்லை.

மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு இது சிறிய செய்தியாகப் படவில்லை. வகுப்பில் ‘ரோமியோ ஜூலியட்’ நூலை மூடி வைத்துவிட்டு வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகள், டாம் ஹாலண்டுக்காகவே அதைத் தாங்களே எடுத்து வாசித்ததை நான் அறிவேன். அவர்கள் எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்பதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒளியமைப்பாளர் எழுதியது:

மேடைக்குப் பின்னால் வேலை செய்பவன் என்பதால் தொழில்நுட்பம் பற்றிச் சில சொற்கள். வெற்று மேடை என்றால் செலவு குறைவு என்ற நண்பர் கடைசிவரிசையின் ஊகத்தை முழுமையாக ஏற்க முடியாது. மரமும் துணியும் செய்ய வேண்டியதை ஒளியும் ஒலியும் செய்கின்றன. அவற்றின் பிழைகளை மறைக்க மேடையில் எதுவும் இருப்பதில்லை. ‘ரோமியோ ஜூலியட்’டில் டிபால்ட்டும் மெர்குஷியோவும் மோதும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வாள் வீச்சு இல்லை. சட்டென விளக்கணைகிறது, முழு இருள். மீண்டும் வெளிச்சம் வரும்போது நடிகர்கள் இரத்தம் தோய நிற்கிறார்கள். நடுவே நடந்தது அத்தனையும் பார்வையாளரின் மனத்தில் நடக்கிறது. அந்த இருள் தேவைக்கு மேல் ஒரு கணம் நீண்டால் அவை அசையத் தொடங்கிவிடும். ஒரு கணம் குறைந்தால் விளக்குப் பழுது என்று தோன்றிவிடும். இதைக் கச்சிதமாகச் செய்வது ஒரு கோட்டையை மேடையில் கட்டுவதைவிடக் கடினமான வேலை.

மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தின் உயிர்நாடி அதில் இருப்பதாக நினைக்கிறேன். கேமராவுக்கு முன்னால் வளர்ந்த நடிகர் தாழ்ந்த குரலில், சிறிய அசைவுகளோடு நடிக்கப் பழகியவர். பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு மூச்சைக் கட்டி வசனத்தைச் சேர்ப்பது வேறொரு பயிற்சி. மைக் இருந்தால் அந்தப் பயிற்சி குறைவாக உள்ளவரும் தம் பலத்தோடு மேடையில் நிற்கலாம். அதனால்தான் இந்தப் பாணியும் திரை நட்சத்திரங்களும் ஒருவரையொருவர் தேடிக்கொள்கிறார்கள். லண்டனின் சிறிய அரங்கான டான்மர் வேர்ஹவுஸில் 2023 டிசம்பரில் தொடங்கிய ‘மேக்பெத்’ இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. மேக்ஸ் வெப்ஸ்டர் இயக்கத்தில் டேவிட் டெனன்டும் குஷ் ஜம்போவும் நடித்த அந்த நாடகத்தில் பார்வையாளர் ஒவ்வொருவரும் ஹெட்போன் அணிந்திருந்தார்கள். மேக்பெத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது நம் காதுக்குள்ளேயே கேட்கிறது. சூனியக்காரிகள் கண்ணுக்குத் தெரியாமல் நம் தலையைச் சுற்றி நடக்கிறார்கள். பாராட்டியவர்கள் ஒரு கொலைகாரனின் மனத்துக்குள் புகுந்துவிட்டதாக உணர்ந்தார்கள். மறுத்தவர்களின் வாதமும் வலுவானதே: நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் ஒன்றாக மூச்சடக்கிக் கேட்பதுதான் நாடகம் என்றால், ஒவ்வொருவர் காதையும் தனித்தனியே மூடிவிட்டபின் எஞ்சுவது என்ன என்று கேட்டார்கள். டெனன்ட் ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் தேர்ந்தவர். ஹெட்போன் இல்லாமலும் அவருடைய குரல் கூரையைத் தொடும். ஆகவே அங்கே கருவி நடிகரின் குறையை மூட வரவில்லை. வேறோர் உணர்வைத் தர வந்தது.

நெய்தல் எழுதியது:

இத்தனை நேரம் விலை, குரல், இருக்கை என்று பேசுகிறோம். ‘ரோமியோ ஜூலியட்’டுக்கு எழுந்த எதிர்வினைகளிலேயே மிகக் கொடியது நாடகம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டது என்பதை ஒருவரும் குறிப்பிடவில்லை. ஜூலியட்டாக நடிக்க ஃபிரான்செஸ்கா அமெவுடா-ரிவர்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்ததும், அவர் கறுப்பினப் பெண் என்பதற்காக இணையத்தில் அவர்மீது இனவெறி வசைகள் கொட்டப்பட்டன. அவர் ஒரு வரிகூட மேடையில் பேசியிருக்கவில்லை. நாடக நிறுவனம் அதைக் கண்டித்து அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. கறுப்பினப் பெண் நடிகர்களும் ஆண், பெண் என்ற இரு பிரிவுக்குள் அடங்காத நடிகர்களும் 800 பேருக்கு மேல் அவருக்கு ஆதரவாகத் திறந்த மடலில் கையெழுத்திட்டார்கள்.

புகழ்பெற்ற ஒருவரை நடிக்க வைப்பதன் விலையை அவர் மட்டும் செலுத்துவதில்லை என்பதை இது காட்டுகிறது. நட்சத்திரம் தன்னோடு ஒரு பெருங்கூட்டத்தை அழைத்து வருகிறார். அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி அன்பானது என்பதை ஆசிரியை அம்மா சொன்னார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சிறுபகுதி, நட்சத்திரத்தின் அருகில் நிற்பவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நம்புகிறது. அதன் அடி முழுவதும் அருகில் நிற்கும், அவ்வளவு அறியப்படாத நடிகரின்மேல் விழுகிறது. வெற்று மேடை அவரை மறைத்துக்கொள்ளவும் இடம் தருவதில்லை. அவரும் அதே வெளிச்சத்தில், அதே பெருந்திரையில் நிற்க வேண்டும். அமெவுடா-ரிவர்ஸ் நின்றார், நாடகத்தைப் பல விதங்களில் குறைகூறிய விமர்சகர்களிலும் பலர் அவருடைய ஜூலியட்டைப் பாராட்டினார்கள். நாடகம் பிடிக்கவில்லை என்று எழுதுவது எவருக்கும் உள்ள உரிமை. பார்க்கும் முன்னரே ஒரு பெண்ணின் முகத்தைப் பழிப்பதை நாடக விமர்சனத்தோடு சேர்த்து எண்ணவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கடைசிவரிசை எழுதியது:

சகோதரி நெய்தல் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். என் மனக்குறை கட்டணம் வைப்பவர்களோடு மட்டுமே. இதே கூட்டத்தின் வேறொரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். 2015இல் லண்டன் பார்பிகன் அரங்கில் ‘ஹேம்லட்’ நடித்துக்கொண்டிருந்த பெனடிக்ட் கம்பர்பேட்ச், நாடகத்தைக் கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டாம் என்று அரங்கின் வெளியே காத்திருந்த ரசிகர்களிடமே நேரில் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அது எளிய மேடையமைப்பு அன்று. கண்ணை நிறைக்கும் மாளிகையே அங்கே எழுப்பப்பட்டிருந்தது. வெற்று மேடையில், இருளில், ஒரு கைப்பேசியின் சிவப்புப் புள்ளி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை நண்பர் ஒளியமைப்பாளர் என்னைவிட நன்கு அறிவார்.

பாடவேறுபாடு எழுதியது:

மேடைப் பொருள்களை அகற்றுவதைப் பற்றிப் பேசும்போது, அவற்றோடு சேர்த்து எவையெல்லாம் அகற்றப்படுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் ட்ரூரி லேனில் ஜேமி லாய்ட் இயக்கத்தில் தொடங்கிய ‘மச் அடோ அபவுட் நத்திங்’கில் டாக்பெரியும் அவனுடைய காவலர்களும் முற்றிலும் நீக்கப்பட்டார்கள். தடித்த தலையும் பெருத்த சொற்களும் கொண்ட அந்தக் காவலனே மூலத்தில் சூழ்ச்சியை வெளிக்கொணர்கிறவன். அறிவாளிகளும் பிரபுக்களும் காணத் தவறியதை எளியவர்கள் தற்செயலாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதே ஷேக்ஸ்பியரின் அமைப்பு. அவர்களை வெட்டினால் நாடகம் காதலர் இருவரின் கதையாகச் சுருங்குகிறது. டாம் ஹிடில்ஸ்டனும் ஹேலி அட்வெலும் மேடையில் இருக்கும் நேரத்தின் விகிதம் கூடுகிறது. அவை மகிழ்ந்து ஆரவாரித்தது என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும், குறைத்துக் காட்டுதல் என்ற கொள்கை துணைப் பாத்திரங்களின் வயிற்றிலேயே முதலில் கைவைக்கிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

குறைத்துக் காட்டியும் குழுவைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு ட்ரெவர் நன் 1976இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் ‘தி அதர் பிளேஸ்’ என்ற தகரக் கொட்டகையில் இயக்கிய ‘மேக்பெத்’ சான்று. இயன் மெக்கெல்லனும் ஜூடி டென்ச்சும் முதன்மை வேடங்கள். தரையில் ஒரு வட்டம். தம் முறை வராத நடிகர்கள் அதைச் சுற்றிப் பெட்டிகளின்மேல் அமர்ந்து மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். எந்த நடிகரும் மேடையிலிருந்து மறைவதில்லை என்பதால், எந்தப் பாத்திரமும் மற்றொன்றின் நிழலில் கரைவதில்லை.

மேடைவாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நண்பர் பாடவேறுபாடு குறிப்பிட்ட நாடகம் என் தொடக்கக் கருத்தைக் கூர்மையாக்க உதவுகிறது. அதே ட்ரூரி லேன் அரங்கில், அதே இயக்குநர், அதற்கு ஓரிரு மாதம் முன்பு, 2024 டிசம்பரில், ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தை சிகோர்னி வீவரை ப்ராஸ்பெரோவாக வைத்து அரங்கேற்றினார். 1957இல் கீல்குட் அங்கே ப்ராஸ்பெரோவாக நடித்தபின் அந்த அரங்குக்கு ஷேக்ஸ்பியர் திரும்பியது அப்போதுதான். இரண்டு நாடகங்களிலும் மேடை ஏறத்தாழ வெறுமையானது. இரண்டிலும் மைக் உண்டு. இரண்டிலும் உலகறிந்த திரை முகங்கள். வீவரின் நடிப்புக்குக் கடுமையான விமர்சனங்கள் வந்தன. உயிர்ப்பில்லாமல் வசனத்தை ஒப்பித்தார் என்பதே பலரும் சொன்ன குறை. ஹிடில்ஸ்டனும் அட்வெலும் நடித்ததற்கோ பார்வையாளர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆகவே வெறுமையையோ புகழையோ மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. வேறுபாடு வேடத்தின் இயல்பில் இருப்பதாக இப்போது தோன்றுகிறது. ப்ராஸ்பெரோ தனியன். தீவில் நடப்பவை அனைத்தையும் ஓரமாக இருந்து இயக்குகிறவன்; தொடக்கத்திலேயே மகள் மிராண்டாவிடம் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய வரலாற்றை நீளமாகச் சொல்ல வேண்டியவன். அந்த வசனத்தைத் தாங்கக் குரலின் ஏற்ற இறக்கத்தைத் தவிர வேறு துணையில்லை. வெற்று மேடையின் நடுவே ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கும் நட்சத்திரம் அந்த ஏற்ற இறக்கத்தைத் தராவிட்டால், பார்வையாளருக்கு மிஞ்சுவது பழைய படங்களின் நினைவு மட்டுமே. ‘மச் அடோ’வில் ஹிடில்ஸ்டன் ஏற்ற பெனடிக்குக்கோ எதிரே அட்வெலின் பியாட்ரிஸ் இருக்கிறாள். ஒருவர் சொல்லை மற்றவர் பிடுங்கித் திருப்பி எறிய, கண் இருவருக்குமிடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. மேடையை மூடிக் கிடந்த இளஞ்சிவப்புக் காகிதத் துணுக்குகளுக்குள் ஹிடில்ஸ்டன் ஒளிந்துகொண்டு ஒட்டுக்கேட்கும்போது, அவருடைய புகழ் அந்தக் குறும்புக்கு உரம் சேர்க்கிறது. அவர்கள் இருவரும் ஏற்ற மார்வெல் திரைப்பட வேடங்களின் அட்டை உருவங்களையே ஓரிடத்தில் மேடைக்குக் கொண்டுவந்து, அவையின் மனத்தில் ஓடிய எண்ணத்தை நாடகமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. அதன்பின் அந்த எண்ணம் இடையூறாக இருக்கவில்லை.

ரோமியோ ஜூலியட் காதலர் நாடகமாயிற்றே, அங்கே ஏன் கருத்து இரண்டுபட்டது என்று கேட்பீர்கள். அங்கே இயக்குநர் இருவரையும் பெரும்பாலும் ஒருவரையொருவர் பார்க்க விடவில்லை. இணையாக எழுதப்பட்ட வேடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் தனியர்களாக்கினார். அதனால் பார்வையாளரின் கண் மீண்டும் அறிந்த முகத்துக்கே திரும்பியது. இதை ஒரு துணிவான தேர்வாக மதிக்கிறேன். ஆனால் கண் ஓடுவதற்கு எதிரே ஒருவர் தேவை என்பதை அது விட்டுக்கொடுத்தது.

புதியவர் எழுதியது:

இதுவரை வாசித்து மட்டும் வந்தேன். இத்தகைய ஒரு நாடகத்துக்கு முதன்முறையாகச் செல்லவிருக்கிறேன். நட்சத்திர நடிகருக்கு அன்று உடல்நலம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பணம் வீணாகுமா?

ஒளியமைப்பாளர் எழுதியது:

பிராட்வேயில், நாடகத்தின் பெயருக்கு மேலே நடிகரின் பெயர் அச்சிடப்பட்டிருந்து அவர் அன்று நடிக்கவில்லை என்றால், பணத்தைத் திரும்பப் பெறவோ வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளவோ பொதுவாக வழி உண்டு. லண்டனில் அப்படி ஓர் உறுதியை எதிர்பார்க்காதீர்கள். எந்த நடிகரும் மாறக்கூடும் என்ற நிபந்தனை நுழைவுச்சீட்டிலேயே இருக்கும். பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாற்று நடிகர் வருகிறார் என்று அறிவித்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள். வெற்று மேடையில் அவருடைய இரவு மற்ற எல்லாருடையதையும்விடக் கடினமானது. அந்த வேடத்தின் ஒவ்வொரு வரியையும் அறிந்து, ஒருநாள் அழைப்பு வரும் என்று பல வாரங்களாகக் காத்திருந்தவர் அவர். கதையை மட்டும் முன்கூட்டி வாசித்துவிட்டுச் செல்லுங்கள். இவ்வகை நாடகங்கள் எவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டித்தர மாட்டா. இது தோட்டமா கல்லறையா என்ற குழப்பத்தில் முதல் அரை மணி நேரத்தை இழந்துவிடுவீர்கள். மேல்மாடத்தின் நடுப்பகுதியைவிடக் கீழ்த்தளத்தின் ஓரம் மலிவாகக் கிடைத்தால் அதையே எடுங்கள்.